சுருளி எதையும் குடிக்கவில்லை

போடிநாயக்கனூர்,
மார்கழி, ஞாயிறு காலை.

அன்பு மகன் அழகுராஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்குப் பிடித்துக்கொள்கிறது. நீயும் அங்கே அதுபோல் சுகமாக இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. என் கை அதை எழுத வரமாட்டேன் என்கிறது. அதனால் கேள்வியாகவே எழுதிவிடுகிறேன், சுகமாக இருக்கிறாயா அழகு? வழக்கத்துக்குக் கேட்கிற கேள்வி இல்லை இது. பதில் வேண்டும்.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் நீ ரெண்டு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், இந்தப் பக்கம் உன் அம்மா காதை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. நம் தெரு ராஜாராம் மருமகன் பாண்டியராஜன் லீவு முடிந்து பின்லாந்துக்குத் திரும்புகிறான் அல்லவா, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் ஏலக்காய், அம்மா இடித்த பருப்புப்பொடி, உனக்கு ஒரு கம்பளிச் சட்டை. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, பொண்ணு பாக்குற சமாச்சாரமா மாமா என்று சிரித்தான், ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு நீ நிதானமாகப் படி.

வீட்டுச் சமாச்சாரம் பெரிதாக ஒன்றுமில்லை. உன் அத்தை மகள் அனுசியா மறுவீட்டுக்கு வந்து போனாள், மாப்பிள்ளை நல்ல மாதிரி, வாயைத் திறந்தால்தான் கொஞ்சம் அலட்டுகிறார். ஏலக்கூடத்தில் விலை நிற்கிறது, மற்றவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்க நான் இன்னமும் தட்டிலிருந்து நாலு ஏலக்காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைப் பிளந்து உள்ளே அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை வைக்கிறேன். வெளியே பச்சையாக மினுக்குகிற காய் உள்ளே சொத்தையாக இருப்பதை எத்தனையோ பார்த்தாயிற்று. மேலே பறிப்பு இன்னும் முடியவில்லை, காலையில் ஜீப்பெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஓடுகின்றன, மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் பின் விளக்குகூடத் தெரிவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுசியா கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கிளம்பிய மறுநாள் மாடி அறையைச் சுத்தம் செய்ய நான்தான் ஏறினேன், அம்மாவுக்குப் படி ஏற முடியவில்லை. குப்பைக்கூடையில் கல்யாணப் பத்திரிகையின் உறைக்குள் மடித்துத் திணித்து மாத்திரை அட்டைகள் கிடந்தன. காலி அட்டை என்றால் கொட்டிவிட்டு இறங்கியிருப்பேன். பிரிக்காத அட்டைகள். சரக்கை யாரும் பிரிக்காமல் குப்பையில் போடமாட்டார்கள், போட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று திருப்பிப் பார்த்தேன். மேலே அந்த நாட்டு எழுத்து, ஒன்றும் புரியவில்லை, கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. எஸ்சிட்டலோபிராம். அந்தப் பெயரை நான் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை அழகு. மாதா மாதம் உன் சித்தப்பன் சுருளிக்கு அதே மாத்திரையைத் தேனியிலிருந்து வாங்கிவருகிறவன் நான்தான். அட்டைகளை என் கடை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, நீ சொல்லச் சொன்னால்தான் சொல்வேன்.

எதற்காக நீ அதை வீசினாய் என்றும் எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் உனக்கு எதிர் வரிசையில் திருப்பதி மாமா உட்கார்ந்திருந்தார். சுருளி ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று யாரோ கேட்க, அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, மூளைக்கு மாத்திரை திங்க ஆரம்பிச்சா அப்படித்தான் மாப்ளே, மொதல்ல தூக்கத்தக் குடுக்கும், அப்புறம் சிரிப்பக் குடுக்கும், கடைசில மருந்து ஷெட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயி டப்பாவத் தொறக்கச் சொல்லும், ஏப்பா இந்தப் பக்கம் கேசரி வரலயே என்றார். வரிசையே சிரித்தது. நான் மோர் வாளியோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். நீ இலையை மடித்துவிட்டு எழுந்தாய், பாயசம்கூட வாங்கவில்லை. வயிறு சரியில்லை போல என்று அன்றைக்கு நினைத்தேன். அட்டைகளைப் பார்த்தபிறகுதான் அந்த மடித்த இலை எனக்கு விளங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். நடக்கும்போது தலைக்குள் கரண்டு வெட்டுகிற மாதிரி இருக்கிறது, கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினால் ஒரு சொடக்கு விழுகிறது, விமானத்தில் வந்த அசதி என்று சொல்லிச் சிரித்தாய். உன் அம்மா, எண்ணெய் தேச்சுக் குளிப்பா சரியாயிரும் என்றாள். அதே வார்த்தையை, அதே சொடக்கை, ஒரு மாதத்துக்கு முன்னால் உன் சித்தப்பன் வாயால் கேட்டிருக்கிறேன். விமானத்தில் ஏறாதவன் அவன்.

ஆகையால் சுருளிக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். உன்னிடம் சித்தப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டிவந்தோம் என்றுதான் சொல்லியிருந்தோம், தூரத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குக் கலங்கடிப்பது என்று. நாங்கள் சொல்லாததை நீ திருப்பதி மாமா வாயிலிருந்து கேட்டிருக்கிறாய், அவர் சொன்னதில் சாம்பார் மட்டும்தான் நிஜம்.

அந்தப் பெரிய வெயிலில் மேலே நம் ஏலத்தோட்டத்தில் புதுச்செடியெல்லாம் கருகியபிறகு அதைப் பார்த்துக்கொள்கிற சுருளி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலும் கையைக் கழுவாமலும் உட்கார்ந்திருப்பான். உன் சித்தி குருவம்மாள் ஒருநாள் ஜீப்பு ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள், எனக்குப் பயமா இருக்கு மச்சான், ஆளு இருக்காக, உள்ள ஆளு இல்ல என்றாள். நான் அவனைத் தேனியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஸ்சில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணே, யாராச்சும் கேட்டா பல்லு புடுங்க வந்தம்னு சொல்லிப்புடு என்றான். அப்படித்தான் சொன்னேன். போன வருஷமெல்லாம் என் தம்பிக்கு எத்தனை பல் பிடுங்கியிருக்கிறோம் என்று ஊரார் கணக்குப் பார்த்தால் வாயில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

எந்தச் சரக்காக இருந்தாலும் எனக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டும், டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையான மனிதர். மூளையில் நரம்பும் நரம்பும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, செரோட்டோனின் என்கிற ஒரு பொருள் இந்த நரம்பிலிருந்து புறப்பட்டு அந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த நரம்புக்குச் சேதி சொல்கிறது, சொல்லி முடித்ததும் புறப்பட்ட நரம்பே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது, இந்த மாத்திரை அந்தத் திரும்ப இழுப்பதைத் தடுக்கிறது, அவ்வளவுதான் என்றார். நான் அதை எனக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஜீப்பு ஆளை ஏற்றி மெட்டுக்குப் போகிறது, இறக்கியதும் காலியாகக் கீழே திரும்பிவிடுகிறது. திரும்புகிற வழியில் ஒரு கேட்டைப் போட்டால் ஜீப்பெல்லாம் மேலேயே நிற்கும், ஆளும் மேலேயே இருக்கும், வேலை நடக்கும். அப்படியானால் போட்ட அன்றைக்கே மனசு தெளியவேண்டுமே, ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்று கேட்டேன். நரம்புகள் மெள்ள மெள்ளத் தங்களை மாற்றிக்கொள்கின்றன, அது எப்படி என்பது முழுக்க யாருக்கும் இன்னும் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளிடம்தான் நான் சரக்கு வாங்குவேன். அன்றைக்கே அவரை நம்பினேன்.

தொந்தரவுகளையும் அவர் ஒளிக்கவில்லை. அந்தச் செரோட்டோனின் மூளையில் இருப்பதைவிடக் குடலில்தான் அதிகமாம், அதனால் முதல் வாரங்களில் குமட்டும், வயிறு இளகும். வேர்க்கும், கை நடுங்கும், ஓயாமல் கொட்டாவி வரும், சிலருக்குத் தூக்கம் கெடும், சிலர் தூங்கி வழிவார்கள். ஆரம்பத்தில் படபடப்பு கூடும், இளவயசுக்காரர்களுக்குச் சாகலாம் என்கிற நினைப்பே அந்த நாட்களில் கூடிவிடக்கூடும், அவர்களைத் தனியாக விடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொல்கிறேன், அப்பன் எழுதுகிற விஷயம் இல்லைதான், ஆனால் நான் சொல்லாவிட்டால் நீ அதை எங்கேயோ படித்துவிட்டு உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒற்றையாகப் பயந்துகொண்டிருப்பாய். ஆண் பெண் உறவில் நாட்டம் குறையலாம், உடம்பு ஒத்துழைக்காமல் போகலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார்கள், வேறு மாத்திரை கொடுப்பார்கள். நீ அட்டையை வீசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுருளிக்கு முதல் வாரங்கள் கஷ்டம்தான். கால் மூட்டு நிற்காமல் ஆடும், உட்காரமுடியாமல் களத்தில் நடந்துகொண்டே இருப்பான், அண்ணே, பல்லப் புடுங்குனாக்கூட இம்புட்டு இம்ச இருக்காது என்பான். பிறகு ஒருநாள் மேலேயிருந்து அவனே போன் போட்டு, இன்னைக்குக் காய் என்ன வெல போச்சுண்ணே என்று கேட்டான். நான் கேட்காமல் அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. கடையில் இருந்த எல்லாருக்கும் டீ சொன்னேன். மாத்திரை அவனைக் கெடுக்கவில்லை அழகு, கரையேற்றியது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. நம் மேஸ்திரி கன்னையன் வாரத்தில் ஒருநாள் கீழே ஒரு மருந்துக்கடையில் உடம்பு வலிக்கு என்று சொல்லிக் காகிதத்தில் மடித்த பொட்டலங்களாக வாங்கிப்போய்ச் சட்டைப்பையில் வைத்திருப்பான். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பில் பாதி, பெயர் கிடையாது. களை வெட்டி இடுப்பு பிடித்தவனுக்கும் அதுதான், மழையில் நனைந்து பறித்தவளுக்கும் அதுதான், இந்த மலையில் எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். சுருளி தெளிந்த சந்தோஷத்தில் பழையபடி உர மூட்டையைத் தோளில் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கன்னையன் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தான், ஒரு பொட்டலத்தப் போடுங்க மொதலாளி, வெரசா நடப்பீக என்று. அந்த வெள்ளை மாத்திரை ட்ரமடால் என்கிற கடும் வலி மாத்திரை. மூட்டத்தில் அவனுக்கு இருமலும் இருந்தது, வீட்டில் கிடந்த இருமல் டானிக்கையும் மூடி மூடியாகக் குடித்திருக்கிறான், அதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்று ஒன்று. இரண்டுமே அதே செரோட்டோனினை ஏற்றிவிடுகிற சாமான்கள் என்பது அந்த மலையில் ஒரு ஆளுக்கும் தெரியாது. நான் சொன்ன அந்த ரோட்டுக் கேட்டு ஏற்கெனவே போட்டிருக்கிறது, ஜீப்பு திரும்ப வழியில்லை, கீழேயிருந்து இன்னும் இரண்டு ஸ்டாண்டு ஜீப்பும் மேலே ஏறினால் என்ன ஆகும், கொண்டை ஊசி வளைவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் கை நடுங்கியது, அசதி என்று நினைத்து இன்னொரு பொட்டலம் போட்டிருக்கிறான். மறுநாள் மதியம் மூட்டம் இறங்குகிற நேரத்தில், எல்லாரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்குகிற குளிரில், அவனுக்கு மட்டும் சட்டை பிழிகிற மாதிரி வேர்த்திருக்கிறது. கால் இரண்டும் தானாகத் துள்ளியிருக்கிறது. பேச்சு குழறியது, ஆள் அடையாளம் தெரியவில்லை, உடம்பு காய் உலர்த்துகிற ஸ்டோரின் சூட்டுக் குழாய் மாதிரி கொதித்தது. நம் மலையில் ஒருத்தன் வேர்த்து உதறிக் குழறினால் எல்லார் கண்ணும் ஒரே பக்கம்தான் திரும்பும். செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைச் சுவாசித்து விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறார்கள், குடித்து விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறார்கள். காலையில் மருந்து அடித்ததால் ஷெட்டு திறந்து கிடந்தது. வாசலில் ஒரு டப்பா சாய்ந்து கிடந்தது. மனசு சரியில்லாதவன் என்பது வேறு தெரியும். கன்னையன் தலையில் அடித்துக்கொண்டு, ஆத்தா, மொதலாளி குடிச்சிட்டாருத்தா என்று அலறியிருக்கிறான். அவ்வளவுதான், மலை முழுக்க அது உண்மையாகிவிட்டது. உன் சித்தி சோப்புத் தண்ணியைக் கரைத்து வாயில் ஊற்றியிருக்கிறாள், நல்லவேளையாக அவன் துப்பிவிட்டான்.

போன் வர, நான் மலையடிவாரத்தில் காத்திருந்து, அவனை ஏற்றிவந்த ஜீப்பில் தொற்றி ஏறினேன். சித்தி மடியில் தலை. கண் எங்கேயோ பார்க்கிறது. இருந்தாலும் குடிக்கல, குடிக்கல என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தான். ஜீப்பில் இருந்த ஒருத்தரும் அதைக் காதில் வாங்கவில்லை. குடிச்சவுக அப்படித்தான் சொல்லுவாக, வண்டிய வெரட்டுப்பா என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதே நாலு பேர் ஒரே குரலில் பூச்சிமருந்து என்று சொல்லிவிட்டோம், அதற்கான ஊசியை நர்ஸ் எடுத்தும் விட்டார். பணியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், உன் வயசு இருக்கும். கொஞ்சம் இருங்க என்று சொல்லி டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பூச்சிமருந்து உள்ளே போனால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குமாம், வாயில் நுரை தள்ளுமாம், இவனுக்குக் கண்மணி விரிந்து கிடந்தது, நுரையும் இல்லை, வாடையும் இல்லை. பிறகு பாதத்தைப் பிடித்து மேல்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினார். பாதம் அவர் கையில் கரையில் போட்ட மீன் மாதிரி தானாகத் துடித்தது, நிற்கவே இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுறார், எல்லாத்தையும் சொல்லுங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க என்று எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அப்போதுதான் அழகு எனக்கு உறைத்தது. மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று எனக்கும் சித்திக்கும் தெரியும், கன்னையனுக்குத் தெரியாது, பல் வலி என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். பொட்டலம் கன்னையனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. டானிக்கு சித்திக்கு மட்டும் தெரியும். எல்லாரும் ஒரே ஜீப்பில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆஸ்பத்திரி வரை வந்திருக்கிறோம், ஆளுக்கொரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு. ஒருத்தரும் அதை எடுத்து நடுவில் வைக்கவில்லை. அந்த டாக்டர் கேட்காமல் விட்டிருந்தால் தப்பான வைத்தியம் செய்து, இருக்கிற சூட்டை இன்னும் ஏற்றி, அவனைத் துணியில் சுற்றிக் கொடுத்திருப்பார்கள். செரோட்டோனின் மிஞ்சிப்போனால் வருகிற கோளாறு இது, எல்லாருக்கும் வராது, வந்தால் தாமதிக்கக்கூடாது என்றார். எல்லா மாத்திரையையும் நிறுத்தி, அமைதிப்படுத்துகிற ஊசி போட்டு, சலைன் ஏற்றி, ஈரத்துணியால் குளிரவைத்து, மறுநாள் சாயங்காலம் அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதமாட்டேன். பிழைத்து வந்தவனை ஊர் பிழைக்க விடவில்லை. டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்தது யாருக்கு வேண்டும், குடித்துப் பிழைத்தவன் என்று பெயர் விழுந்துவிட்டது. சித்தி நல்லவள், அவளுக்கே முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டாள், சாவியைத் தாலிக்கயிற்றில் கட்டிக்கொண்டாள், பொழுது சாய்ந்ததும் போய் டப்பாக்களை எண்ணிவிட்டு வருவாள். அவள் எண்ணுவதை அவன் களத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். இந்த எழவு மாத்திரையாலதான எல்லாம் என்று சொல்லி, தேனி டாக்டர் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லியும் தொடமாட்டேன் என்றுவிட்டான். கொஞ்ச நாளில் ஆரம்பித்தது, தலைக்குள்ள கரண்டு வெட்டுதுண்ணே, கண்ணத் திருப்புனா சொடக்குன்னு விழுதுண்ணே என்று. தலை சுற்றல், வாந்தி வருகிற மாதிரி, பயங்கரமான கனவு, காரணமில்லாமல் அழுகை, காரணமில்லாமல் கோபம். அந்த மாத்திரைக்குப் பழகின நரம்பு, கேட்டைத் திடீரென்று தூக்கினதும் தடுமாறுகிறது, அதற்குப் பெயர் போதைப்பழக்கம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்தத் தடுமாற்றம் ஓய்வதற்குள் பழைய இருட்டும் பின்னாலேயே வந்துவிட்டது.

ஒருநாள் நான் மேலே போயிருந்தபோது, மூட்டத்தில் செடி தெரியாத அளவுக்கு வெள்ளையாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் வைத்துக்கொண்டு சொன்னான். அண்ணே, நான் குடிக்கலண்ணே. ஆனா இவுக பாக்குற பார்வையில, குடிச்சிருந்தா தேவலயோன்னு இருக்கு. அவ்வளவுதான் சொன்னான். நான் அன்றைக்குத் தனியாகக் கீழே வரவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு நேராகத் தேனிக்குப் போனேன், இந்தத் தடவை பல் வலி என்று யாரிடமும் சொல்லவில்லை, மனசு டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றே பஸ்சில் சத்தமாகச் சொன்னேன். கன்னையனையும் கூப்பிட்டு உள்ளது உள்ளபடி சொன்னேன். இப்போது டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை ஓடுகிறது, கீழே நம் கடைக்குப் பின்கட்டில்தான் இருக்கிறான், காய் பொறுக்குகிறான். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்றால் பந்தியில் என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் கரை சேரவில்லை. இதை எழுதும்போதும் பின்கட்டில் காய் பொறுக்குகிற தட்டு ஆடுகிற சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது அங்கேதான் இருக்கிறது. சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன், தண்ணி குடிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.

அதனால்தான் அழகு உனக்காக எனக்கு இவ்வளவு பயம். சுருளிக்கு ஜீப்பில் நாலு பேராவது இருந்தோம். நீ இருக்கிற ஊரில் மதியத்துக்கு மேல் சூரியனே இல்லை என்கிறாய், அறையில் ஒற்றை ஆள், உன் துண்டுகள் எல்லாம் உன் மடியிலேயே கிடக்கின்றன. எதற்காக அந்த மாத்திரையை ஆரம்பித்தாய், எப்போதிலிருந்து உனக்கு அப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, தோன்றும்போது சொல். இப்போது செய்யவேண்டியதை மட்டும் சொல்கிறேன். உனக்கு அதை எழுதிக்கொடுத்த டாக்டரை இன்றைக்கே கூப்பிடு, நிறுத்திவிட்டேன், இன்ன நாளிலிருந்து, தலையில் இப்படி வெட்டுகிறது என்று சொல். அட்டையை நான் பாண்டியராஜனிடம் கொடுத்தனுப்பவில்லை, வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை, திரும்ப ஆரம்பிப்பதா, எந்த அளவில் என்பதை நீயும் முடிவு செய்யக்கூடாது, நானும் செய்யக்கூடாது. விடுவதாக இருந்தாலும் விடலாம், யாரும் ஆயுசுக்கும் சாப்பிடு என்று சொல்லவில்லை, ஆனால் ஸ்டோரில் தீயைத் தணிக்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கவேண்டும், ஒரேயடியாகத் தீயை இழுத்தால் காய் வேர்த்துப் பச்சையெல்லாம் போய்விடும் என்பது நீ லீவுக்கு ஸ்டோரில் படுத்துத் தூங்கிய காலத்திலேயே உனக்குத் தெரியும். அந்த மாத்திரை ஓடும்போது இருமலுக்கோ, உடம்பு வலிக்கோ, ஒற்றைத் தலைவலிக்கோ கடையில் நீயாக எதையும் வாங்கிக் குடிக்காதே, இன்னது சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்கு. மனசு இருட்டிக்கொண்டு வேண்டாத நினைப்பு எதுவும் வந்தால் யோசிக்காமல் அந்த ஊர் அவசர எண்ணைக் கூப்பிடு, பாண்டியராஜனிடம் கேட்டேன், நூற்றுப் பன்னிரண்டாம், பிறகு என்னைக் கூப்பிடு, என்ன நேரமானாலும் சரி. மீட்டிங் என்று மட்டும் சொல்லாதே.

கடைசியாக ஒன்று. சுருளி ஜீப்பில் சொன்னதை அன்றைக்கு நம்பியிருந்தால் பாதிக் கேடு அங்கேயே நின்றிருக்கும். நீ என்ன சொன்னாலும் நான் நம்புவேன் அழகு. உன்னைப் பார்த்துவிட்டுப் போய் டப்பாவை எண்ணமாட்டேன். ஆனால் நீ சொன்னால்தானே நம்பமுடியும். கடிதத்தின் ஆரம்பத்தில் ஒன்று கேட்டிருக்கிறேன், பாண்டியராஜன் டீ குடித்து முடிப்பதற்குள் அதற்குப் பதிலை எனக்குப் போனில் சொல். சுகம் என்று சொல்லவேண்டும் என்பதில்லை, உள்ளதைச் சொல். போனை நான்தான் எடுப்பேன், அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

குலசாமி உன் தலைமாட்டில் நிற்கட்டும். நீண்ட ஆயுசோடும் நல்ல தூக்கத்தோடும் இரு. கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்காதே, போட்டுக்கொள்.

உன் அப்பா,
மு. சீனிச்சாமி

பின்கட்டிலிருந்து சுருளி எட்டிப்பார்த்து யாருக்குண்ணே இம்புட்டு எழுதுறே என்றான். அழகுக்கு என்றேன். எனக்கும் அந்தச் சொடக்கு இருந்துச்சு, இப்பக் கொறஞ்சிருக்கு, பயப்படாம டாக்டர்ட்டப் போகச் சொல்லு என்று அவன் எழுதச் சொன்னான். உன் மாத்திரையைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.